உடங்காட்டில் இரண்டாம் வாசல்

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. கல்லூரி விடுதியில் எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த மாரிக்கனி சொன்னாள். அவளும் அந்த மார்கழியில் ஊரில் இல்லை, அவளுடைய சித்தி சொல்லிக் கேட்டவள்தான். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வந்து என்னிடம் சேர்ந்ததால் நடுவில் எது கூடியது, எது விட்டுப்போனது என்று எனக்குத் தெரியாது. என் பங்குக்கு எதையும் கூட்டக் கூடாது என்று கவனமாக இருந்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிறகு நானே போய் விசாரித்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உப்போடை ஊராட்சியில் அந்த வருஷம் மார்கழி பிறந்த அன்று ரோட்டில் பனி விழுந்தது. விடிந்ததும் புல் நுனியில் நிற்கிற பனி இல்லை, மலை தேசங்களில் விழுமே, அந்த வெள்ளைப் பனி, கணுக்கால் புதைகிற அளவுக்கு. வீட்டுக் கூரையில் விழவில்லை, உப்பளத்தில் விழவில்லை, உடைமரங்களின் மேல் ஒரு பொட்டுக்கூட இல்லை. ஊராட்சிக்குச் சொந்தமான ரோடு எதுவோ அதன் மேல் மட்டும், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை பாய் விரித்ததுபோல விழுந்து, ரோடு வளைந்த இடத்தில் வளைந்து, பாலத்தில் ஏறி இறங்கி, எல்லைக் கல்வரைக்கும் போய் அங்கே நின்றுவிட்டது. கல்லுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊராட்சியின் தார் ரோடு என்றைக்கும்போலக் கறுப்பாகக் காய்ந்து கிடந்தது.

கதவைத் திறந்தவர்கள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டீக்கடைக்காரர் பால் பாக்கெட்டுகளை அதில் புதைத்து வைத்தார், ஆடுகள் நக்கிப் பார்த்துவிட்டுத் தலையைச் சிலுப்பின, சளி பிடிக்கும் என்று பிள்ளைகளை உள்ளே இழுத்துப் பூட்டினார்கள், போன வருஷம் ரோடு போட்ட கான்ட்ராக்டர் சரியாகப் போட்டிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சிலர் சொன்னார்கள். பனி ஏன் விழுந்தது என்று பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதை யார் அள்ளுவது என்பதைப் பற்றித்தான் ஊர் பேசியது. மத்தியானத்துக்குள் வெயில் ஏறி எல்லாம் தண்ணீராகி ஓடிவிட்டது. மறுநாள் விடியும்போது மறுபடி விழுந்து கிடந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. மார்கழி முழுக்க இப்படித்தான் இருக்கும்போல என்று ஊர் சீக்கிரமே ஒத்துக்கொண்டது.

உலகம்மாளுக்கு மட்டும் மத்தியானம்வரை காத்திருக்க முடியாது.

அவள் வீடு நரிப்பொட்டலில் இருந்தது. உப்போடை ஊராட்சியின் கடைசிக் குடியிருப்பு அது. ஊருக்கும் பொட்டலுக்கும் நடுவில் உடங்காடு, அதை அறுத்துக்கொண்டு ஒற்றைத் தார் ரோடு. அந்த ரோட்டின் இரண்டு பக்கமும் உடைமரமும் முள்ளும் தவிர ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது, கும்பிட ஒரு கல்கூடக் கிடையாது. பொட்டலில் உள்ளவர்கள் எல்லாரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். ஊர்க்காரர்களும் பொட்டல்காரர்களும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதில்லை. ஏன் என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் வாயால் சொல்வதில்லை.

அவள் புருஷன் தவசிமுத்துவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போய்விட்டன. செவ்வாய்க்கும் வெள்ளிக்கும் டவுன் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுக்கவைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணி அனுப்புவார்கள். அதற்காக இடது முன்கையில் ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம் புடைத்திருக்கும். அதில் விரலை வைத்தால் பூனைக்குட்டி உறுமுவதுபோல உள்ளே அதிரும். அந்த அதிர்வு இருக்கும்வரைதான் கை வேலை செய்கிறது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், உலகம்மாள் தினமும் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அவர் கையைத் தொட்டுப் பார்ப்பாள். அவர் தூங்குகிறவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு, "ஓடுதா?" என்று கேட்பார். "ஓடுது" என்பாள். அதற்கப்புறம்தான் இரண்டு பேருக்கும் பொழுது விடியும்.

ஊரிலிருந்து கிளம்பும் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் மிஷினில் இடம் கிடைக்கும். அவரைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, உடங்காட்டு ரோட்டில் உருட்டிக்கொண்டே போய், ஊரின் மறுகோடியில் பஸ் ஏற்றுவாள். ஒரு ஐப்பசி மழையில் பாலம் உடைந்து ஒருமுறை போக முடியாமல் போனது. அந்த ராத்திரி அவர் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். உடம்பில் ஏறிய தண்ணீர் நெஞ்சுக்கு வந்துவிட்டது என்றார்கள். உப்பளத்தில் கரை உடைந்து தண்ணீர் பாத்தியில் ஏறுவதை எத்தனையோ தடவை பார்த்தவள்தான், ஆனாலும் ஒரு மனுஷனுக்குள் அப்படி ஏறுவதை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள். இன்னொரு முறை பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை.

மார்கழியின் முதல் வெள்ளிக்கிழமை சைக்கிள் சக்கரம் பனியில் புதைந்து நகரவில்லை. பொட்டலுக்குப் பால் எடுக்க வரும் வேன்காரர் வேறு ஊர் ஆள், பாதி வழியில் சறுக்கி நின்றிருந்தவர், அவர்களைப் பார்த்ததும் பால் கேன்களுக்கு நடுவில் தவசிமுத்துவை உட்காரவைத்து எல்லைக் கல்வரை ஊர்ந்து ஊர்ந்து கொண்டுபோய்விட்டார். அங்கே பஸ் ஏறி அன்றைக்கு அப்படித் தப்பித்தார்கள். எல்லா நாளும் வேன்காரர் வழியில் சறுக்கி நிற்பார் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ஊராட்சித் தலைவர் சிவகாமித்தாய் கூட்டம் போட்டார். மேலிடத்துக்குப் போன் பண்ணிக் கேட்டதில், சமவெளியில் பனி விழுந்தால் என்ன செய்வது என்று எந்த உத்தரவும் இல்லை, அது ஆலங்கட்டி மழையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று திருப்பிக் கேட்டார்களாம். ஆகவே ஊரே பார்த்துக்கொள்வதென்று முடிவாயிற்று. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியின் பழைய இரும்புக் கதவைக் கழற்றி ஊராட்சி டிராக்டரின் முன்னால் சாய்வாகக் கட்டினார்கள். டிராக்டர் ஓட்டும் பால்வண்ணன் அதை முதல் தடவை ஓட்டியபோது பனி உழவுச்சால் மண்போலச் சுருண்டு சுருண்டு இடது பக்கம் விழுந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது. பார்த்து முடித்துத் திரும்பியபோது இடது பக்கத்து வீடுகளின் வாசலையெல்லாம் முழங்கால் உயரத்துக்குப் பனி அடைத்திருந்தது.

சண்டை வந்தது. கிழக்கு வரிசைக்காரர்கள் மேற்கே தள்ளச் சொன்னார்கள், மேற்கு வரிசைக்காரர்கள் கிழக்கே தள்ளச் சொன்னார்கள். கடைசியில் ஒருநாள் கிழக்கு, ஒருநாள் மேற்கு என்று தீர்ப்பானது. அதற்காக டிராக்டர் ஒருநாள் தெற்கேயிருந்தும் மறுநாள் வடக்கேயிருந்தும் வர வேண்டியிருந்தது. நேற்று உங்களுக்கு விழுந்தது சன்னமான பனி, இன்றைக்கு எங்களுக்குக் கனத்த பனி என்று அதிலும் கணக்குப் பேசினார்கள். பால்வண்ணன் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, "நான் டிரைவரா, சொத்துப் பிரிச்சுக் கொடுக்க வந்தவனாய்யா?" என்று கேட்டான்.

எந்த ரோட்டை முதலில் தள்ளுவது என்பதில் மட்டும் சண்டையே வரவில்லை. பஸ் ரோடு, அப்புறம் விடியற்காலைப் பஜனைக்காகக் கோயில் தெரு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பிறகு மற்றத் தெருக்கள், எல்லாம் முடிந்தபின் நரிப்பொட்டல் ரோடு. உடங்காட்டில் வீடே இல்லையே, அங்கே யார் வாசல் அடைபடப் போகிறது என்றார்கள். அது நியாயம்போலத்தான் கேட்டது. பால்வண்ணன் பொட்டலுக்கு வந்து சேரும்போது வெயில் ஏறி ரோடு தானே காய்ந்திருக்கும். கட்டிய இரும்புக் கதவோடு வெறுமனே வந்து, தலையைச் சொறிந்துவிட்டு, "நாளைக்குச் சீக்கிரமா வாரேன் யக்கா" என்று உலகம்மாளிடம் சொல்லிவிட்டுப் போவான். அவனும் பொய் சொல்லவில்லை, மறுநாள் வர முயற்சி பண்ணத்தான் செய்தான்.

இதற்கு நடுவில்தான் உப்போடைப் பெண்கள் அந்தத் தப்பைச் செய்தார்கள். தப்பு என்று சொல்லக் கூடாது, அவர்கள் வழக்கமாகச் செய்வதைத்தான் செய்தார்கள். டிராக்டர் பனியைத் தள்ளிவிட்டுப் போனதும் கறுப்பாகத் தெரிந்த தாரைக் கூட்டிப் பெருக்கி, சாணியைக் கரைத்து ஆளுக்கு ஒரு வாளி தெளித்தார்கள். மார்கழியில் வாசல் தெளிக்காமல் எந்த வீடு இருக்கும்? தெளித்த தண்ணீர், கோலப்பொடி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள், பச்சைக் கண்ணாடியாக உறைந்தது. பஜனைக்காரர்கள் ஆர்மோனியத்தோடு விழுந்தார்கள். உடங்காட்டை ஒட்டி இருந்த கடைசி வீட்டுச் செண்பகவடிவின் புருஷன் தன் வாசலில் கால் வைத்தவர் கோயில் கொடிமரத்துக்குக் கீழேதான் போய் நின்றார், அத்தனை அதிகாலையில் அவர் கோயிலுக்கு வந்தது அதுதான் முதல் தடவை என்று எல்லாரும் சிரித்தார்கள். வாசல் தெளிக்க வேண்டாம் என்று சிவகாமித்தாய் மைக்கில் சொன்னார். தலைவர் வீட்டு வாசலில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பெண்கள் போய்ப் பார்த்தார்கள். தெளித்திருந்தது. அதற்கப்புறம் அந்தப் பேச்சே எடுபடவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை உலகம்மாள் இருட்டோடு கிளம்பி, பனியைக் காலால் உதைத்து வழி பண்ணிக்கொண்டே உடங்காட்டைக் கடந்துவிட்டாள். ஊருக்குள் நுழைந்தால் ரோடு சுத்தமாக இருந்தது, இனிக் கவலையில்லை என்று மூச்சு விட்டாள். அந்த மூச்சு முடிவதற்குள் செண்பகவடிவின் வாசலில் சைக்கிள் சறுக்கித் தவசிமுத்து கீழே விழுந்தார். பலமான விழுகை இல்லை. விழும்போதே இடது கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டார், ஆற்றைக் கடக்கிறவர்கள் துணிமூட்டையைத் தூக்கிப் பிடிப்பதுபோல. அந்தக் கையைத் தூக்கியபடியே, பாதி போட்ட கோலத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தார்.

கோலப்பொடிக் கிண்ணத்தோடு செண்பகவடிவு நின்றிருந்தாள். வாய்க்குப் பேர்போனவள். அவள் வாசலைத் தாண்டும்போது பொட்டல்காரர்கள் சைக்கிள் மணியைக்கூட அடிக்க மாட்டார்கள். உலகம்மாள் அவள் வாயைத்தான் பயத்தோடு பார்த்தாள்.

தவசிமுத்து முந்திக்கொண்டார். "கோலத்தைக் கெடுத்துட்டேன் தாயி" என்றார்.

செண்பகவடிவு அவர் தூக்கிப் பிடித்திருந்த கையையும் அதில் புடைத்திருந்த இடத்தையும் பார்த்தாள். உள்ளே போனவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்தாள். அதை வாசலில் போட்டு, "அந்தக் கை என்ன?" என்று உலகம்மாளிடம் கேட்டாள். உலகம்மாள் சொன்னாள். செவ்வாய், வெள்ளி என்றும் சொன்னாள். முதல் பஸ் போய்விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள், வெள்ளையாக மூச்சு வாங்கிக்கொண்டு அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

"உங்க தெருவுல எவரும் விழலையாமே, எப்படி?" என்று செண்பகவடிவு திடீரென்று கேட்டாள். "நீங்க வாசல் தெளிக்கிறதில்லையா?"

"தெளிப்போம்மா. பாத்தித் தண்ணிதான் தெளிப்போம். உப்பு எடுத்தப்புறம் மிஞ்சுமே, கைப்புத் தண்ணி. அது உறையலை."

"ஏன், நல்ல தண்ணிக்கு என்ன?"

"குடிக்கவே லாரி வரணும். வாசல்ல எங்க ஊத்த?"

பஸ் ஹாரன் கேட்டது. செண்பகவடிவு சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்து, உறைந்த இடம் முடியும்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் பொட்டலுக்குத் திரும்பும்போது கேரியரிலிருந்து தவசிமுத்து சொன்னார், "நாற்காலி போட்டுட்டாளே, பாத்தியா." உலகம்மாள், "பாத்தேன், பாத்தேன், ஆட்டாம உட்காருங்க" என்றாள். உடங்காடு முடியும்வரை அவர் அதையே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் செண்பகவடிவு இடுப்பில் குடத்தோடு நரிப்பொட்டலுக்கு வந்தாள். கல்யாணமாகி உப்போடைக்கு வந்ததிலிருந்து அவள் உடங்காட்டைத் தாண்டியதில்லை. குடம் நிறையக் கைப்புத் தண்ணீர் வேண்டும் என்றாள். வெறும் குடத்தோடு வந்தால் கேட்கும்படி ஆகும் என்று நினைத்தாளோ என்னவோ, குடம் நிறைய நல்ல தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். அதை உலகம்மாளின் பானையில் ஊற்றிவிட்டு, பாத்தித் தண்ணீரை மொண்டுகொண்டு போனாள். அவள் வாசலில் அடுத்த நாள் எவரும் விழவில்லை. அப்புறம் ஊரின் மற்றப் பெண்களும் வந்தார்கள். நல்ல தண்ணீர்க் குடம் வரும், கைப்புத் தண்ணீர்க் குடம் போகும். இதை யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை. பொட்டல் பெண்கள் கிண்டலாகப் பேசிக்கொண்டார்கள்: "நம்ம தண்ணி அவங்க வாசல்ல கிடக்கு, அவங்க தண்ணி நம்ம வயித்துல கிடக்கு, குழாயில மட்டும் தள்ளி நிக்கணுமாக்கும்." ஊர்ப் பெண்கள் காதில் விழும்படிதான் பேசினார்கள்.

குடத்தோடு நடக்க உடங்காட்டு ரோடு தோதாக இல்லை. பனி கிடந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் தங்கள் வாசலைக் கூட்டத் தெரிந்தவர்கள், அடுத்தவள் வாசலில் ஒரு விரல்கடை கூட்டினாலும் அது சண்டைக்கு வழி என்று அறிந்தவர்கள். ஆனால் உடங்காட்டு ரோடு யாருடைய வாசலும் இல்லை. யாருடையதும் இல்லாத இடத்தை எப்படிக் கூட்டுவது என்று அவர்களுக்கு உண்மையாகவே தெரியவில்லை. சில நாள் முழங்கால்வரை சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டே நடந்தார்கள்.

ஒருநாள் செண்பகவடிவு ரோட்டோரம் நின்ற வளைந்த உடைமரம் ஒன்றைக் காட்டி, இதிலிருந்து அந்தக் கவட்டை மரம்வரைக்கும் என் வாசல் என்றாள். வீடு எங்கே என்று மற்றவர்கள் சிரித்தார்கள். வீடு பின்னால் வரும், முதலில் வாசல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் கூட்டினாள், கைப்புத் தண்ணீர் தெளித்தாள், சும்மா விட மனசு வராமல் ஒரு கோலமும் போட்டாள். இரண்டு பக்கமும் பனி கிடக்க, நடுவில் கறுத்த தாரில் அந்தக் கோலம் இருந்த அழகைப் பார்த்துவிட்டு, அவளுக்கு எதிர்வீட்டுக்காரி அடுத்த நாள் கவட்டை மரத்திலிருந்து கறையான் புற்றுவரை பிடித்தாள். அவளுடைய கோலம் இன்னும் பெரிதாக இருந்தது. மார்கழி மாதத்தில் ஒருத்தி கோலம் இன்னொருத்தி கோலத்தைவிடப் பெரிதாக இருப்பதை எந்த ஊர்தான் பொறுக்கும்? பொட்டல் பெண்கள் தங்கள் பக்கத்திலிருந்து மரம் மரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எல்லை மரத்துக்காகச் சண்டையும் நடந்தது. உலகம்மாளுக்கு வளைவில் ஒரு ஒல்லி மரம் கிடைத்தது. விருந்துக்கு வந்தவர்களுக்குத் தங்கள் உடங்காட்டு வாசலைக் காட்டுவதற்காக ஜனங்கள் நடந்து போனார்கள். அந்தி நேரத்தில் அந்த வழியாகப் போகிறவர்கள் மரங்களுக்குப் பின்னால் தாளிக்கிற வாசனை வருவதாகவும், பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்பதாகவும் சொல்ல ஆரம்பித்தார்கள். கூப்பிட்டால் யாராவது வந்துவிடப் போகிறார்கள் என்று நினைத்து, யாரும் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

மார்கழி முடியப்போகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம், பள்ளிக்கூடத்துக்கு முன்னாலிருந்த வேகத்தடையில் மாட்டி டிராக்டரின் இரும்புக் கதவு இரண்டாகப் பிளந்தது. அன்றைக்கென்று பார்த்துத்தான் அதுவரை விழாத அளவுக்குப் பனி விழுந்தது. விடிவதற்கு முன்னால் எழுந்த உலகம்மாள் கதவைத் திறந்தபோது ரோட்டின் மேல் இடுப்புயரத்துக்கு வெள்ளையாக நின்றது. உள்ளே வந்து அவர் கையைத் தொட்டாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"வெளியே?"

அவள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது. "இன்னைக்கு விட்டுருவோம் உலகு" என்றார். "செவ்வாக்கிழமை பாத்துக்கிடலாம். எத்தனை நாளைக்குத்தான் நீ என்னை உருட்டுவ?"

"பேசாம சட்டையைப் போடுங்க."

"நான் சொல்றதைக் கேளு."

"சட்டையைப் போட்டப்புறம் கேக்கேன்."

மண்வெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டாள். வெட்டி வெட்டிப் போனால் மத்தியானம் ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அந்த ராத்திரியும் அவளுக்குத் தெரியும். சட்டை போட்டு, தலையில் துண்டைக் கட்டி, அவரைக் கேரியரில் ஏற்றினாள். பொட்டல் தெருவைப் பெண்கள் அதற்குள் கூட்டியிருந்தார்கள், தெரு முனைவரை போய்விட்டாள். அங்கே உடங்காட்டுப் பக்கம் திரும்பினாள்.

ரோடு கறுப்பாக இருந்தது.

இரண்டு பக்கமும் சுவர்போலப் பனி ஒதுங்கி நிற்க, நடுவில் தார் ஈரமாகப் பளபளத்தது. மரத்துக்கு மரம் ஒருத்தி நின்றாள், துடைப்பத்தோடும் முறத்தோடும், ஒருத்தி பிளந்த கிட்டங்கிக் கதவின் ஒரு துண்டோடும். அள்ளி ஓரத்தில் எறிந்த பனி அவ்வளவு பேரின் தலைமுடியிலும் ஒட்டியிருந்தது. மூச்சு எல்லார் வாயிலிருந்தும் புகைபோல வந்தது. வெள்ளிக்கிழமை, பெரிய கோலம் போடும் நாள், அவளவள் வாசலை மறைத்துக்கொண்டு ரோடு அகலத்துக்குக் கோலம் போட்டிருந்தார்கள், அந்தக் கோடியில் ஊர் தெரிகிறவரை கோலத்துக்கு அப்பால் கோலமாக. உலகம்மாளின் ஒல்லி மரத்தடியில் அவளுக்காக யாரோ கூட்டி, தெளித்து, சின்னதாக ஒரு கோலமும் போட்டிருந்தார்கள்.

"ஓரமாப் போ உலகு, மிதிச்சிராத" என்றார் தவசிமுத்து. உலகம்மாள் சைக்கிளை வளைத்தாள். முதல் கோலத்தை இடது பக்கமாகச் சுற்றி, இரண்டாவதை வலது பக்கமாகச் சுற்றி, மூன்றாவதில் போக இடமில்லாமல் நின்றாள். ஊரில் பஸ் முதல் ஹாரன் அடித்தது. கேரியரில் இருந்தவர் இறங்கப் பார்த்தார், நடந்து ஓரமாகத் தாண்டிவிடுகிறேன் என்று.

வளைந்த மரத்தடியிலிருந்து செண்பகவடிவு சத்தம் போட்டாள்.

"என்ன வளைச்சு வளைச்சு ஓட்டிக்கிட்டிருக்க? பஸ்ஸு போயிரும். மிதிச்சிட்டுப் போங்க அண்ணாச்சி. நடக்கத்தானே போட்டிருக்கு."

உப்போடையில் யாரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டதில்லை. தவசிமுத்து இடது கையை மடியில் வைத்து வலது கையால் அதை மூடிக்கொண்டார். உலகம்மாள் சைக்கிளைத் தள்ளினாள். பூவின் மேலும் இதழின் மேலும் சக்கரம் ஏறிப் போனது. தாண்டிப் போன ஒவ்வொரு வாசலிலும் அங்கே நின்றவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேரியரைப் பிடித்து, அடுத்த மரம்வரை தள்ளிவிட்டு நின்றாள், அங்கிருந்து அடுத்தவள் பிடித்தாள். உலகம்மாளுக்குச் சைக்கிள் கனக்கவே இல்லை. பஸ்ஸின் படியில் கண்டக்டர் ஒரு காலை ரோட்டில் ஊன்றிக்கொண்டு, இவர்கள் வரும்வரை விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார்.

தை பிறந்த அன்று பனி விழவில்லை. அப்புறம் விழவே இல்லை. எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் அது பொய். குழாயில் இன்றைக்கும் தள்ளித்தான் நிற்கிறார்கள் என்று மாரிக்கனியின் சித்தி சொன்னாளாம். லாரித் தண்ணீர் வராத நாளில் மட்டும் செண்பகவடிவு ஒரு குடம் கொண்டுவருவாள், எடுத்துக்கொண்டு போக இப்போது கைப்புத் தண்ணீர் தேவையில்லாததால், ஊருக்குள் தாராளமாகக் கிடைக்கிற உப்பை ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு போவாள். உடங்காட்டு வாசல்களை விட்டுவிடலாம் என்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் முதலில் விட்டவள் யார் என்ற பேச்சுக்கு ஆளாக ஒருத்தியும் தயாராக இல்லை. ஆகவே வீட்டு வாசலைத் தெளித்த கையோடு நடந்து போய் அந்த வாசலையும் தெளித்து, கோலம் போட்டுவிட்டு வந்தார்கள்.

தவசிமுத்து அதற்கடுத்த வருஷம் பங்குனியில் இறந்தார். ஒரு விடியற்காலையில் உலகம்மாள் கையைத் தொட்டபோது, "ஓடுதா?" என்று அவர் கேட்கவில்லை. அவள் விரலைக் கொஞ்சம் மேலே வைத்துப் பார்த்தாள், கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்தாள். பிறகு தன் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

சாவு வீட்டில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பார்கள், கோலம் போட மாட்டார்கள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்த வீட்டுக்கும் பங்காளி வீடுகளுக்கும் அதுதான் வழக்கம். மற்ற வீடுகளுக்குக் கிடையாது, வேற்றுச் சாதிக்காரர்களுக்கு நிச்சயமாகக் கிடையாது. எரித்துச் சாம்பல் அள்ளியதற்கு மறுநாள், உலகம்மாள் வெளியே வரக்கூடாத நாளில், பொட்டலில் யாரும் எழும்புவதற்கு முன்னால் வெளியே வந்து நடந்தாள். செவ்வாய்க்கிழமை. கால் தானாக அந்தப் பக்கம் போயிற்று, சைக்கிள் இல்லாமல் கை இரண்டும் என்ன செய்வது என்று தெரியாமல் தொங்கின.

உடங்காட்டு ரோடு கூட்டியிருந்தது. மரத்துக்கு மரம் தண்ணீர் தெளித்து ஈரமாக இருந்தது. கோலம் இல்லை. ஒல்லி மரத்தடியில் இல்லை, கறையான் புற்றருகில் இல்லை, கவட்டை மரத்தடியில் இல்லை, வளைந்த மரத்தடியில் இல்லை. ஊர் தெரிகிறவரை போனாள். தூரத்தில் செண்பகவடிவின் வீட்டு வாசலில் செவ்வாய்க்கிழமைக் கோலம் பெரிதாகக் கிடந்தது, அது சாவு விழாத வீடு. அங்கே கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் உலகம்மாளைப் பார்த்துவிட்டு, வாசலில் இறங்கி, பாதி தூரம் வந்து நின்றாள். வெளியே ஏன் வந்தாய் என்று திட்டவில்லை.

"இந்த வாசலுக்குப் பதினாறு கழியட்டும்" என்றாள், வளைந்த மரத்தடியைக் காட்டி. "நீ வீட்டுக்குப் போ."

மாரிக்கனி சொன்னது இவ்வளவுதான். பனி விழுந்ததை நான் எங்கே போய் விசாரிப்பது என்று தெரியவில்லை. கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயமும் இருந்தது. ஆனால் இந்தக் கடைசி விஷயத்தை மட்டும், சம்பந்தமில்லாத ஒருவரிடம் கேட்கலாம் என்று, பொட்டலுக்குப் பால் எடுக்கப் போகும் வேன்காரரைத் தேடிப் போனேன். இப்போதும் அவர்தான் போகிறார். தவசிமுத்து என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை, முன்னொரு காலத்தில் கேன்களுக்கு நடுவில் ஒருவரை ஏற்றிப் போனது மட்டும் நினைவிருந்தது, அவர் இறந்ததை நான் சொல்லித்தான் கேட்டார். ரோட்டைப் பற்றிக் கேட்டேன். உடங்காட்டில் கோலம் கிடப்பதால் தினமும் வண்டியை இந்த ஓரமும் அந்த ஓரமுமாக வளைத்துத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். எப்போதாவது நேராக ஓட்டியது உண்டா என்று கேட்டதற்கு, யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு பங்குனியில் அரை மாதம்போல நேராக ஓட்டினேன், அது ஏன் என்று எனக்குத் தெரியாது என்றார்.